திரும்பத் திரும்ப விழுந்தவர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் என் ஆட்டோவில் ஏறுமுன்பே அந்த ஜப்பான்காரர் இடுப்பு வரை குனிந்து எனக்கு வணக்கம் வைத்தார். காதுகள் இரண்டும் நசுங்கி, போண்டா மாதிரி உப்பியிருந்தன. கம்பிக் கூண்டுக்குள் ஆளோடு ஆள் மோதும் போட்டிகளில் சண்டை போட்டே வயசு போய்விட்டது என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். குத்துவது அவர் பாணி இல்லை. எதிராளியின் காலைப் பிடித்துச் சாய்ப்பாராம். அவன் வலி தாங்காமல் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வரை முட்டியை விடமாட்டாராம்.

கோட்டை வாசலில் நாலு பேர் அவர் பேரைக் கேட்டுப் போனில் தேடினார்கள். கிடைத்த வீடியோவில் ஒருவன் தாடையில் உதைக்கிறான், இவர் மரம் மாதிரி விழுகிறார். அவ்வளவுதான். வீடியோ முடிந்ததும் தானே முதலிலிருந்து ஓடுகிறது, மறுபடி விழுகிறார். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் போனை வாங்கி, விரலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“பிஃபோர்? மை லெக் லாக்?” என்றார். விழுவதற்கு முன்னால் தான் காலைப் பிடித்து மடக்கியது எங்கே என்று கேட்கிறார்.

“அதெல்லாம் போர் சார்.” ஒருவன் தரையைக் காட்டினான். “இங்க ஒரு தபா அதே மாதிரி விழுங்க, ரீல்ஸ் போட்டுக்கிறோம்.”

“சோறுதானடா துன்றீங்க?” என்று கத்தினேன்.

“உனுக்கு இன்னாண்ணா டென்ஷன்? கேக்கத்தான செய்றோம்?”

ஜப்பான்காரர் போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பிறகு அந்த நாலு பேருக்கும் தனித்தனியாகக் குனிந்துவிட்டுப் படியேறினார்.

எனக்குக் குனிந்தாரே, அதே அளவு.