சாருஜாவுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

சாவகச்சேரிப் பக்கம் எந்த வீட்டுப் பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதினாலும், அடுத்து என்ன படிப்பது என்று தீர்மானிப்பவர் சீவரத்தினம்தான். நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். தான் கம்பஸ் வாசலை மிதித்ததில்லை என்பதால் ஆலோசனைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. சந்திக் கடையில் பிளேன்ரீயை ஊதிக்கொண்டே பாதி ஊரைப் பொறியியலாளர் ஆக்கியவர்.

"அரசாங்கக் கம்பஸ் கிடைச்சும் காசு கட்டிப் படிக்கிறவன் மொக்கன்" என்பது அவருடைய கொள்கை. சொந்த மகள் சாருஜாவுக்குப் பதுளை அரசாங்கக் கம்பஸில் கால்நடை விஞ்ஞானம் கிடைத்த அன்று அந்தக் கொள்கை காற்றில் பறந்தது.

"மாட்டுக்குப் பின்னாலை திரியிறதுக்கும் ஒரு பட்டமோ?"

"ஓம் அப்பா. நான் அதைத்தான் கேட்டுப் போட்டனான்."

வீட்டுப் பசு சிவலை, ஈனும்போது கன்று வெளியே வராமல் தடக்கி உயிருக்குப் போராடியபோது பக்கத்தில் இருந்து காப்பாற்றியவள் அவள். அன்றே முடிவெடுத்துவிட்டாள். சீவரத்தினமோ கொழும்புத் தனியார் கம்பஸ் ஒன்றின் விளம்பரத்தில் மயங்கிக் கிடந்தார். வணிக முகாமைத்துவம், லண்டன் பட்டம், கறுப்பு அங்கி, தொப்பி. அந்தக் கோலத்தில் மகளைச் சந்தியில் பதாகையாகத் தொங்கவிட்டு, ஓரத்தில் தன் படத்தையும் போடும் ஆசை அவரைப் பாடாய்ப் படுத்தியது. கனடாவில் இருந்த அவருடைய தம்பி காசு கட்டுவதாகச் சொன்னதும் தலைகால் புரியவில்லை. சாருஜா முகம் கொடுத்துக் கதைப்பதை நிறுத்திவிட்டாள். பாவம், பிள்ளை அரைவாசியாகிப் போனாள்.

பதுளைக்குப் பதியக் கடைசி நாள் நெருங்கியது. "பிள்ளையாரிட்டைப் பூக்கட்டிப் பாப்பம்" என்றார் சீவரத்தினம், நடுநிலையே உருவானவர் போல. இரண்டு பொட்டலத்தில் ஆளுக்கொரு நிறப் பூ; எடுத்ததில் சிவப்பு வந்தால் பதுளை, வெள்ளை வந்தால் கொழும்பு.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து ஊரே நின்றது. மூலஸ்தானத்தில் வைத்த இரண்டு வாழையிலைப் பொட்டலங்களில் ஒன்றைச் சாருஜா எடுத்தாள். பிரித்தாள். ஒரு சிவப்புச் செவ்வரத்தை, ஒரு வெள்ளை நந்தியாவட்டை. மற்றதைப் பிரித்தாள். அதிலும் அப்படியே.

"ஐயா, இதென்ன வேலை?" என்று ஐயர் மேல் பாய்ந்தார் சீவரத்தினம்.

ஐயருக்குப் பொறுமை போய்விட்டது. "காலமை நீர் வந்து ரெண்டிலையும் வெள்ளை வையுங்கோ எண்டீர். பின்னாலை உம்மடை மனுசி பராசக்தி வந்து ரெண்டிலையும் சிவப்பு வைக்கச் சொன்னா. நான் ஆரைப் பகைக்கிறது?"

பராசக்தி கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சனம் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது. சாருஜா செவ்வரத்தையை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"நான் பதுளைக்குப் போறன் அப்பா."

அத்தனை பேருக்கு முன்னால் சீவரத்தினம் தலையை ஆட்டித்தான் வைத்தார்.

அவள் போன பிறகும் சீவரத்தினம் அடங்கவில்லை. "நான்தான் தெரிஞ்சு அனுப்பினனான், நாட்டுக்குத் தேவையான படிப்பு" என்று சந்திக் கடையில் ஒரே முழக்கம். ஒருநாள் அந்த முழக்கத்தின் நடுவில் பராசக்தி தொலைபேசியில் அழைத்தாள்: சிவலை தீன் தொடவில்லையாம், வயிறு ஊதிப்போய் நிற்கிறதாம். சீவரத்தினம் பிளேன்ரீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனிதருக்கு மாட்டின் எந்தப் பக்கம் நிற்பதென்றே தெரியவில்லை.

உடனே பதுளைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, நான் இப்ப என்ன செய்யோணும்? சொல்லம்மா."