டிக் சத்தத்துக்குக் காத்திருக்கும் ஜீப்பு

பேட்டரி வயரோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் நண்பர்களே, நம் தொழிலில் ரிலே வாங்குகிற எல்லாரும் அது எப்போது பிடிக்கும் என்றுதான் கேட்கிறோம். எப்போது விடும் என்று கேட்க எனக்கு மூன்று ரிலே தேவைப்பட்டது.

போடியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். செல்வம் மச்சான் தினமும் காலையில் ஜீப்பில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையில் உள்ள ஏலத்தோட்டத்துக்குப் போவார். அவர்களில் பாண்டியம்மாவுக்கு இளைப்பு. மருந்தை ஆவியாக்கித் தரும் சின்ன மெஷின் வைத்திருக்கிறார், தோட்டத்தில் கரண்ட் கிடையாது. அதற்காக ஜீப்பில் இரண்டாவது பேட்டரி வைத்தோம். என்ஜின் ஓடினால் இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஏற வேண்டும், நின்றால் பிரிய வேண்டும். அதைத் தானாகச் செய்யும் சின்ன சுவிட்ச்தான் ரிலே.

இறக்கம் மறைத்த குற்றம்

முதலில் ஹாரனுக்குப் போடும் சாதாரண ரிலேயைப் போட்டேன். மூன்று மாதம் ஒரு புகாரும் இல்லை. ஒருநாள் மச்சான் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார், மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டு பேட்டரியும் ஒரே அளவில் இறங்கிக் கிடந்தன. மலையில் யார் சாவி போட்டு ஸ்டார்ட் செய்கிறார்கள்? இறக்கம் பார்த்து நிறுத்தி, உருட்டிவிட்டுக் கிளம்புவதுதானே வழக்கம். பேட்டரி செத்தது யாருக்கும் தெரியவே இல்லை.

தெரிந்தது பாண்டியம்மாவுக்கு மட்டும். முந்தின நாள் மெஷின் பாதியில் நின்றிருக்கிறது, மூச்சு வாங்கி வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி உட்கார்ந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. ரிலேயைக் கழற்றிச் சோதித்தேன். எட்டு வோல்ட்டில் பிடிக்கிறது, இரண்டு வோல்ட்டுக்கு வரும்வரை விடுவதில்லை. என்ஜினை நிறுத்தினாலும் பேட்டரியில் பன்னிரண்டு இருக்குமே, எப்படி விடும்? தீப்பெட்டி அளவு சாமானுக்குள் இத்தனை பிடிவாதமா என்று வாய் பிளந்து நின்றேன். மச்சான் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தோட்டத்து அட்டகூட உப்பக் கண்டா விட்டுரும் மாப்ளே, இது விடமாட்டேங்குதே."

பதிமூன்றில் பிடித்து பதிமூன்றில் விட்டது

அடுத்து வோல்ட்டேஜைப் பார்த்து வேலை செய்யும் ரிலே. பதிமூன்றுக்கு மேல் சேர், கீழே பிரி என்று வைத்தேன். சேர்ந்ததும் காலி பேட்டரி இழுக்கிறது, வோல்ட்டேஜ் இறங்குகிறது, பிரிகிறது. பிரிந்ததும் ஏறுகிறது, உடனே சேர்கிறது. வழியெல்லாம் 'டிக் டிக்' என்று ஒரே சத்தம். மலை ஏறி முடிப்பதற்குள் உள்ளே முனைகள் கருகிவிட்டன. மறுநாள் பாண்டியம்மாவே கடைக்கு வந்துவிட்டார்:

"வண்டிக்குள்ள மரங்கொத்தியவா வச்சு அனுப்பிவிட்டீக, அண்ணே?"

மூன்றாவது ரிலே

கடைசியில் பதிமூன்றே காலுக்கு மேல் சேர்ந்து, பன்னிரண்டே முக்காலுக்குக் கீழ் பிரிகிற ஒன்றை வாங்கினேன். முனை கருகாமல் பேட்டரியின் டி.சி. கரண்ட்டை எத்தனை ஆம்பியர் வரை தாங்கும் என்று அதன்மேல் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அந்த அரை வோல்ட் இடைவெளி எல்லாவற்றையும் அமைதியாக்கியது. ஜீப்பு மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டுமுன், இரண்டு பேட்டரியும் சேரும் ஒரே ஒரு 'டிக்'. மெஷின் ஒருநாளும் நிற்கவில்லை.

போன மாதம் முந்தல் தாண்டியதும் பாண்டியம்மா வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார், டிக் சத்தம் வரவில்லை என்று. பன்னிரண்டு பெண்கள் பேச்சு, என்ஜின் இரைச்சல், இதில் என்ன டிக் என்று மச்சானுக்கு எரிச்சல். ஆனாலும் திருப்பிக்கொண்டு கடைக்கு வந்தார். மீட்டர் வைத்தேன். என்ஜின் ஓடியும் பன்னிரண்டரையைத் தாண்டவில்லை. சார்ஜ் ஏற்றும் டைனமோவைச் சுற்றும் பெல்ட் தளர்ந்து போயிருந்தது. அப்படியே மேலே போயிருந்தால் அன்றைக்கு அவருடைய மெஷின் எவ்வளவு நேரம் ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. டிக் வரவில்லை என்று எப்படித் தெரிந்தது என்றேன். பெல்ட்டை இறுக்கும் என் கையையே பார்த்தபடி பாண்டியம்மா சொன்னார்:

"மூச்சுக்கு அலையிறவளுக்குச் சத்தம் நின்னா தெரியாதாண்ணே?"

இப்போதும் அந்த ஜீப்பில் எதைத் தொட்டாலும் மீட்டர் வைத்துப் பார்க்கிறேன்தான், ஆனால் சரியாக இருக்கிறது என்று நான் நம்புவது மறுநாள் பாண்டியம்மா வண்டியை நிறுத்தச் சொல்லாமல் மலையேறிய பிறகுதான்.