சந்திப்பில் தமிழ் கதைக்கக் கூடாது

தொண்ணூறுகளின் நடுவில் நான் ரொறன்ரோவில் பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றில் சட்டத்தரணியாக இருந்தேன். ஒரு வீட்டிலிருந்து பிள்ளைகளை எடுத்துவிட்டால், ஏன் எடுத்தோம், எப்போது திருப்பிக் கொடுப்போம் என்று நீதிமன்றத்தில் அலுவலகத்துக்காகப் பேசுவது என் வேலை. ஸ்காபரோ அடுக்குமாடிகளில் எங்கள் சனம் வந்து நிறைந்துகொண்டிருந்த காலம். அலுவலகத்துச் சட்டத்தரணிகளில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேலைக்கு எடுத்தபோது அதைப் பெரிய வசதி என்று சொன்னார்கள். அந்த வசதியை வைத்து என்னால் எதுவுமே செய்ய முடியவில்லை என்பதை ஒரு வழக்கு எனக்குக் காட்டியது.

ஸ்காபரோவிலேயே வெக்ஸ்போர்ட் பக்கம் குடியிருந்த ஒரு தாய். கணவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். இங்கே தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும் மட்டும். மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு. தாய் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு பக்டரியில் பின்னேர வேலைக்குப் போவார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மேல்மாடி அன்ரி. ஒருநாள் அன்ரிக்கு நெஞ்சுநோ வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில், மூத்தவளிடம் சின்னவளை ஒப்படைத்துவிட்டுத் தாய் பஸ் ஏறினார். சின்னவளுக்குப் பசித்தது. மூத்தவள் முட்டை பொரிக்கப் போய்ச் சட்டி கருகி, புகை அலாரம் அடித்தது. தீயணைப்புக்காரர் வந்து கதவைத் தட்டியபோது உள்ளே பெரியவர்கள் யாரும் இல்லை. அன்றிரவே இருவரையும் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல குடும்பம்தான், ஆனால் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

பைல் என் மேசைக்கு வந்தபோது, சில கிழமைகளில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பார்த்துக்கொள்ள நம்பகமான ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

முதல் தவணைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. வழக்குத் தள்ளிப்போனது. அடுத்த தவணைக்கு வந்தவருக்கு வேறு ஏதோ மொழிதான் தெரியும். மீண்டும் தள்ளிப்போனது. நான் அந்தத் தாயிலிருந்து பத்தடி தூரத்தில், அவருக்கும் எனக்கும் தெரிந்த மொழியை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்கென்று ஒரு சட்டத்தரணி இருந்தார், களைத்துப்போன நல்ல மனிதர். எதிர்த் தரப்பின் ஆளோடு அவருடைய சட்டத்தரணி இல்லாமல் நான் பேசக் கூடாது. சட்டக் கல்லூரியில் படித்தபோது அது நியாயமான விதியாகத்தான் தெரிந்தது.

இதற்கிடையில் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் கிழமைக்கு ஒரு சந்திப்பு. எங்கள் அலுவலகத்தில் விளையாட்டுச் சாமான் போட்ட ஒரு அறை. மூலையில் வழக்குப் பணியாளர் இருந்து பார்த்து எழுதுவார். எழுதுகிறவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, சந்திப்பில் ஆங்கிலத்தில் மட்டுமே பேசலாம் என்று ஒரு விதி. அந்தத் தாய்க்குத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ, சொறி, தாங்க் யூ. அவர் புட்டு அவித்துக்கொண்டு வந்து, சாப்பிடச் சொல்லி ஆங்கிலத்தில் ‘ஈற், ஈற்’ என்றுவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். பணியாளரின் அறிக்கை எனக்கு வந்தது. தாய் பிள்ளைகளோடு அதிகம் பேசுவதில்லை, உறவில் நெருக்கம் குறைவாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார்.

அதை வாசித்துவிட்டு நேராக மேற்பார்வையாளரின் அறைக்குப் போனேன்.

“அவவைக் கதைக்கவேண்டாம் எண்டு சொன்னது நாங்கள். பிறகு கதைக்கேல்லை எண்டு நாங்களே எழுதுறம்.”

இதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். என் மனதுக்குள் தமிழில்தான் கேட்டது.

“தமிழில் பேசவிட்டால், நீதிமன்றத்தில் என்ன சொல்லவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால்?” என்றார் அவர்.

“நான் போய் அறையில் இருக்கிறேன். எனக்கு விளங்கும்.”

“நீ சட்டத்தரணி. போய் இருந்தால் நாளைக்கு நீயே சாட்சி. வழக்கை யார் நடத்துவது?”

“அப்படியென்றால் சந்திப்புக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடியுங்கள்.”

“அது நீதிமன்றத்துக்கு மட்டும்தான் கிடைக்கும்.”

அவர் கெட்டவரில்லை. நான் கேட்டதெல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சரியான பதில் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஒருவழியாக விசாரணைக்கு நாள் கிடைத்தது. இந்த முறை மொழிபெயர்ப்பாளர் வந்தார். சென்னையிலிருந்து வந்து குடியேறிய இளைஞர், மரியாதையானவர், ஆங்கிலமும் நன்றாகத் தெரியும். தாய் சாட்சிக் கூண்டில் நின்று அன்றைக்கு நடந்ததைச் சொன்னார்.

“அடுப்புக்குக் கிட்டப் போகக்கூடாதெண்டு ரெண்டு பேரையும் வெருட்டிப்போட்டுத்தான் வேலைக்குப் போனனான்.”

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, பிள்ளைகள் இருவரையும் மிரட்டிவிட்டு வேலைக்குப் போனதாக ஆங்கிலத்தில் சொன்னார். அடுப்பு விடுபட்டுப்போனது. நீதிபதி தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார். தாயின் சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. அந்த மண்டபத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவள் நான் மட்டும்தான்.

நான் எழும்பினேன். ‘வெருட்டி’ என்ற சொல்லுக்கு அவ்வளவு கடுமையான பொருள் இல்லை, பிள்ளைகளைக் கண்டித்து எச்சரிப்பதற்குச் சொல்வது, அதோடு அடுப்பைப் பற்றிச் சொன்னது வரவில்லை என்றேன்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “நீங்கள் எந்தத் தரப்பு?”

“அலுவலகத்தின் தரப்பு.”

“அப்படியென்றால் எனக்கு முன்னால் இரண்டு மொழிபெயர்ப்பு இருக்கிறது. எது சரியென்று எனக்குத் தெரியாது. நீங்கள் சாட்சி சொல்லவும் முடியாது.” அவர் பேனையை மூடினார். வேறொரு மொழிபெயர்ப்பாளரோடு விசாரணையை மறுபடி தொடங்கச் சொல்லி, புதுவருசத்துக்கு அப்பால் ஒரு தவணை போட்டார்.

பக்கத்தில் இருந்த எங்கள் பணியாளர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். தாய் மிரட்டினார் என்பது எங்களுக்குச் சாதகமான பதில், நான் கெடுத்துவிட்டேன் என்பது அவருடைய கோபம். வெளியே நடைவழியில் தாய் என்னை மறித்தார்.

“நீர் தமிழ்ப் பிள்ளைதானே? நீர் எழும்பினபடியாத்தானே தள்ளிப் போட்டவங்கள்? என்ர பிள்ளையளை இன்னும் எத்தினை மாதம் வைச்சிருக்கப் போறியள்?”

நான் அவருடைய சட்டத்தரணி எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். அவர் கூட்டத்துக்கு அப்பால் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் நின்ற பக்கம் கையைக் காட்டினேன்.

“வாய் இல்லையே உமக்கு?” என்றார் தாய். பிறகு அழத் தொடங்கினார். அவருடைய சட்டத்தரணி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

பனி கரையும் நேரத்தில் விசாரணை மறுபடி நடந்தது. இந்த முறை வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணி. சாட்சியம் மத்தியானத்துக்கு முன்னரே முடிந்தது. மேல்மாடி அன்ரி குணமாகி வந்து, பிள்ளைகளைத் தான் பார்ப்பதாகச் சொன்னார். அலுவலகத்தின் சம்மதத்தோடு, ஒரு பணியாளர் இடைக்கிடை வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையில், நீதிபதி பிள்ளைகளைத் தாயிடம் விட்டார். இதைத்தான் நான் முதல் கிழமையிலேயே எதிர்பார்த்திருந்தேன்.

சந்திப்பு விதியை மாற்றவேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினேன். ஒரு குழு போட்டார்கள். குழு கூடியது, இன்னொரு குழுவிடம் அனுப்பியது. நான் அந்த வேலையை விடும்வரை முடிவு வரவில்லை.

வேலையை விட்ட வருசம், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தாய் சின்னவளோடு எதிரே வந்தார். விலகிப் போவார் என்று நினைத்தேன். கிட்ட வந்து நின்றார்.

“இப்ப கதைக்கலாமோ?”

“ஓம் அக்கா, இப்ப கதைக்கலாம்.”

ஏன் அன்றைக்குப் பேசவில்லை என்று சொன்னேன். அவர் கூண்டில் நின்றபோது நான் எதற்காக எழும்பினேன் என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“உதென்ன சட்டம்?” என்றார்.

சின்னவள் தாயின் கையை இழுத்து, ஆங்கிலத்தில் ஏதோ இனிப்பு வேண்டும் என்று கேட்டாள். தாய் தமிழில் மறுத்தார். அவள் மறுபடி ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

“நீங்கள் கொண்டுபோகேக்க வாய் ஓயாமல் தமிழ் கதைச்ச பிள்ளை,” என்றார் தாய். “இப்ப சனிக்கிழமையில தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விடுறன். அங்கை ‘அம்மா’ எண்டு எழுதப் பழக்கினம்.”

அவர் எனக்கு முன்னால் கிடந்த முருங்கைக்காயில் இரண்டைப் பொறுக்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டு, சின்னவளைக் கூட்டிக்கொண்டு காசு கட்டப் போனார்.