விட்டுக்கொடுத்தவனுக்கு ஒரு நோட்டீஸ்

என் அக்கா சொத்துத் தகராறும் கூட்டு வியாபாரத் தகராறும் பார்க்கிற வக்கீல். கோர்ட் வட்டாரத்தில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். யாராவது சிரித்துப் பேசினால் எதற்கு என்பாள், அழுதால் யாருக்காக என்பாள். அவளுடைய ஆபீஸைக் கவனித்துக்கொள்வது நான்தான். இருந்தும் அலமாரிச் சாவியை என்னிடம் தர மாட்டாள். கூடப் பிறந்தவளுக்கே இந்தக் கதி!

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அப்பா கண்ணை மூடிய மறுநாளே கடைப் பூட்டை மாற்றிய பிள்ளைகளையும், நினைவில்லாமல் கிடந்த அம்மாவிடம் கைநாட்டு வாங்கிய மகளையும் பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டாள்.

போன வருடம் ஒரு மரச்சாமான் கடைக்காரர் வந்தார். தம்பியோடு சேர்ந்து அப்பாவின் கடையை நடத்தியவர். அப்பாவோ உயிலில் முழுக் கடையையும் தம்பிக்கே எழுதிவிட்டுப் போய்விட்டார்.

“அப்பாவ மயக்கி எழுதி வாங்கிட்டானோன்னு மனசு அரிக்குது வக்கீலம்மா” என்றார். அக்காவுக்குக் கேட்கவா வேண்டும்!

வழக்குப் போடுவதற்குள் தம்பியே ஆபீஸுக்கு வந்து நின்றான். சட்டையெல்லாம் மரத்தூள்.

“அப்பா ஏன் அப்படி எழுதினாருன்னு எனக்கே தெரியலீங்க. பாதி கடை அண்ணனுக்குத்தான். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போட்டுட்டுப் போறேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் படி இறங்கியதும் அக்கா சொன்னாள்: “சும்மா தர்றானாம்! கடன், ஜாமீன்னு எதையோ அண்ணன் தலையில கட்டப் பாக்குறான்.”

“அவன் முகத்தப் பாத்தியாக்கா?”

“முகத்த கோர்ட்ல சாட்சியா நிறுத்த முடியாதுடி.”

சரிபார்க்க வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே! தொழில் புத்தி, நோட்டீஸ் அனுப்பினாள். கணக்கை ஒப்படைக்கச் சொல்லிவிட்டு, ‘எங்கள் கட்சிக்காரரை ஏமாற்றும் தீய நோக்கம் தங்களுக்கு இருப்பதாக அவர் கருதுகிறார்’ என்று ஒரு வரி. எல்லா நோட்டீஸிலும் போடுகிற வரிதான், எங்கள் கண்ணில் அது படுவதுகூட இல்லை. தம்பிக்கு அது அண்ணன் வாயால் சொன்ன வார்த்தை.

அவன் கணக்கு முழுவதையும் அனுப்பினான். அக்கா தோண்டித் துருவிப் பார்த்தாள், ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்ட பத்திரம்கூடத் தபாலில்தான் வந்தது.

அதை வாங்கிக்கொள்ள மூத்தவர் வந்தார். அக்காவுக்கு ஒரே பூரிப்பு.

“உங்க தம்பி மேல எந்தத் தப்பும் இல்ல. பாதி கடை உங்களுது. நீங்க ஜெயிச்சுட்டீங்க!”

அவர் பத்திரத்தைத் தொடவில்லை.

“கடைக்கு நடுவுல பலகை அடிச்சுட்டான் வக்கீலம்மா. பக்கத்துலயே இருந்துக்கிட்டு முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறான்.”

அக்கா பேனாவை மூடினாள். என்னைப் பார்த்தாள். நான் உதவிக்குப் போகவில்லை, அவ்வளவு கோபம் எனக்கு.

“அவன் என்கூடப் பேசணும்னு ஒரு நோட்டீஸ் அனுப்ப முடியுமாம்மா?” என்று கேட்டார் அவர்.