வாசலைப் பார்த்து வைத்த டிவி

புது டிவிப் பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வரும். தெர்மாகோலும் பிளாஸ்டிக் உறையும் கலந்த வாசனை. போன மாதம் பெரம்பலூரில் ஒரு கடையில் அந்த வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நான் நின்றேன், அவ்வளவுதான். பேசியதெல்லாம் என் மகள் யாழினி. கடைக்காரர்களிடம் பேச எனக்கு இந்த வயதிலும் கூச்சம். சட்டை எடுக்கப் போனால் அவர்கள் முதலில் எடுத்துப் போடுவதையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். என் பீரோவில் நானாகத் தேர்ந்தெடுத்த சட்டை ஒன்றுகூடக் கிடையாது.

யாழினிக்கு டிவி பார்ப்பதற்காக டிவி வேண்டாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். பாகம் பாகமாக வாங்கி அவளே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து வைத்திருக்கிறாள். அதில் விளையாடப் பெரிய திரை வேண்டுமாம். அந்த அளவில் மானிட்டர் வாங்குவதைவிட டிவி வாங்கி இணைத்துக்கொள்வது நல்லது என்று மூன்று வாரமாக என்னென்னவோ படித்துவிட்டு வந்திருந்தாள். கையோடு லேப்டாப்பையும் ஒரு வயரையும் கொண்டுவந்திருந்தாள்.

கடைக்காரத் தம்பி சுவரளவு டிவி ஒன்றின் முன்னால் போய் நின்றுகொண்டு, "கேம்தானே பாப்பா? எந்த டிவியிலயும் ஆடலாம். இத எடுத்துக்கங்க, தியேட்டர் மாதிரி இருக்கும்" என்றார்.

"தியேட்டர் வேணாம்ணா. டேபிள்ல வெச்சு முன்னாடி உக்காருவேன். கழுத்த இப்பிடி இப்பிடித் திருப்பிக்கிட்டே ஆட முடியுமா?"

அதைவிடச் சின்ன டிவியில் தன் லேப்டாப்பை மாட்டி, பொடி எழுத்துள்ள பக்கம் ஒன்றைத் திறந்தாள். "எழுத்து பிசிறடிக்குது பாருங்க" என்று அதை ஒதுக்கினாள். அடுத்ததில், "பட்டன அமுக்குனா உடனே அசையுதா, யோசிச்சு அசையுதா?" என்று தட்டித் தட்டிப் பார்த்தாள். தம்பி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கடைசியில் அவர் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்டார். "எவ்ளோ தூரத்துல உக்காந்து பாப்பீங்க சார்?"

நான் வண்டிகளுக்கு சீட் தைக்கிற குஷன் கடைக்காரன். என் சட்டைப் பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும். யாழினி அதை உருவி, திரையில் ஒரு முனையை வைத்து, மறுமுனையைத் தன் மூக்குவரை இழுத்தாள். "இவ்ளோதாண்ணா."

"இவ்ளோ கிட்டவா? கண்ணு போயிடும் பாப்பா!"

அந்தத் துண்டு டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நினைவு வேறெங்கோ போய்விட்டது.

எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். முதலில் ஊர்த்தெரு, பிறகு வயல், அதற்கப்பால் எங்கள் காலனி. ஊரிலேயே ஒரே ஒரு டிவி பெரிய வீட்டில் இருந்தது. அந்த வீட்டின் கொல்லையில், மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு ஜன்னல். நாங்கள் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். முன்வாசல் பக்கம் வரக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் சொல்லித் தந்ததாகவும் ஞாபகமில்லை. நடக்கத் தெரிந்தபோதே எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

டிவி கூடத்தின் அந்தக் கோடியில் இருக்கும். முன்னால் நாற்காலியில் வீட்டுக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் தரையில் ஊர்த்தெரு ஜனங்கள், பிறகு ஜன்னல் கம்பி, கம்பிக்கு வெளியே எங்களில் உயரமானவர்கள், அதற்குப் பின்னால் நான். கதாநாயகியின் முகம் எனக்குத் தீப்பெட்டி அளவில் தெரியும். அதுவும் யாராவது தலையைச் சொறிந்தால் மறைந்துவிடும். உள்ளே சிரிப்பார்கள். பிறகு ஜன்னலில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். "என்னடா, என்னடா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நாங்கள் சிரிப்பதற்குள் படத்தில் யாரோ செத்திருப்பார்கள். பட்டனுக்கும் படத்துக்கும் நடுவில் வரும் தாமதத்துக்குப் பெயர் 'லேக்' என்று யாழினி சொல்லித்தான் தெரியும். அதன் பெயர் தெரியாமலே அதில் வளர்ந்தவன் நான்.

மாட்டுக்கொட்டகை என்றதும் சாணி வாசனை வர வேண்டும். எனக்கு வருவது துருப்பிடித்த இரும்புக் குழாயின் வாசனை. அப்பாவின் உள்ளங்கையில் அது இருக்கும். என் அப்பா முத்து அந்த வீட்டில் பண்ணை வேலை செய்தார். மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டிருந்த இரும்புக் குழாயைத் திருப்புவதும் அவர் வேலைதான். வீட்டுக்குள்ளே மாடிப்படி இருந்தது. அப்பா கொல்லைப்புறச் சுவரில் மூங்கில் ஏணி சாத்தி ஏறுவார்.

"இப்பத் தெரியுதுங்களா சின்னாண்ட?" என்று மேலேயிருந்து குரல் கொடுப்பார்.

சின்னாண்டை என்பது அந்த வீட்டுப் பையன். பள்ளியில் அவனும் நானும் ஒரே வகுப்பு. "டேய் முத்தா, ஆட்டாதடா, புள்ளி புள்ளியா வருது! இந்தப் பக்கம் திருப்பு!" என்று கூடத்திலிருந்து கத்துவான். என் வயசுப் பையன் என் அப்பாவை டேய் என்று கூப்பிட்டான். நான் அவன் அப்பாவை மனதுக்குள்கூட அப்படிக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

படம் ஆடாமல் நின்றதும் உள்ளே, "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கூச்சல் எழும். அப்பா இறங்கி, ஏணியைக் கிடத்திவிட்டு, எங்கள் எல்லாருக்கும் பின்னால் வந்து நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா மாடியிலேயே குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் முடிந்த பிறகுதான் இறங்க விட்டார்கள். திரும்பி வரும்போது, "அந்தப் பொண்ணு கெடச்சிச்சா?" என்று என்னிடம் கேட்டார். படத்தில் காணாமல் போன பெண்ணைக் கேட்கிறார். எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. "கெடச்சிட்டுது" என்றேன். "அப்ப சரி" என்றார்.

பிறகு நான் அரியலூர் போய்விட்டேன். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் அங்கே ராவும் பகலும் ஓடும். லாரி ஓடினால் சீட் கிழியும், சீட் கிழிந்தால் எனக்குச் சோறு. குஷன் கடையில் சேர்ந்து அங்கேயே தங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவேன்.

அப்படி ஒரு ஞாயிறு வந்தபோது காலனியில் வீட்டுக்கு வீடு அரசாங்க இலவச டிவி வந்திருந்தது. அப்பா எங்கள் டிவியை வண்டியில் ஏற்றச் சம்மதிக்காமல் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாராம். சாயங்காலம் தெருவில் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எல்லா வீட்டிலும் டிவி பின்சுவரை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குள் ஒருவரும் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் வெளியே, மண்ணில் சாக்கு விரித்து உட்கார்ந்து, வாசற்படி வழியாகத் தங்கள் வீட்டு டிவியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரு நெடுக ஆளில்லாத வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

டிவி என்றால் வெளியே இருந்து பார்ப்பது. அவர்கள் கற்றது அதுதான்.

எனக்கு முதலில் அது உறைக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே புழுக்கம், அதனால் வெளியே உட்கார்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் வந்தபோது தூறலில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அப்பா வெளியே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் புழுக்கம் காரணமில்லை என்று புரிந்தது.

"உள்ள வந்து உக்காந்து பாருப்பா. நம்ம டிவிதானே."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுதுடா."

"மழ பேயுதுப்பா."

"தூறல்தான். நீ நவுரு, மறைக்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தது. "உடுடா அவர. கிட்ட உக்காந்தா அவருக்குப் படம் புரியாது."

நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எப்படியாவது அவரைச் சொந்த வீட்டுக்குள், சொந்த டிவிக்கு முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. கடையில் கழித்துப் போட்ட லாரி சீட் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். புதுப் பஞ்சு வைத்து, சிவப்பு ரெக்சின் போட்டுத் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நெருக்கித் தையல் போட்டதில்லை. பஸ்ஸில் மேலே போட்டுக்கொண்டு வந்து, டிவிக்கு நேர் எதிரே, வீட்டுக்குள்ளே வைத்தேன். அப்பா அதைத் தடவிப் பார்த்தார். "நல்லாத் தச்சிருக்க" என்றார். நான் இருந்தவரை ஒரு ஓரத்தில், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு வந்தால் சீட்டின்மேல் சின்ன வெங்காயக் கூடை இருந்தது. அப்பா வெளியே சாக்கில் இருந்தார்.

"என்னம்மா இது?"

அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னது. "அதுல உக்காந்தா யாரோ வந்து எழுப்பற மாதிரியே இருக்குங்கிறாரு."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. சில வருடம் கழித்து உடம்பு முடியாமல் போய், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, வேறு வழியில்லாமல் வீட்டுக்குள் கட்டில் போட்டோம். பேச்சுத்துணை மாதிரி இருக்கட்டும் என்று டிவியைப் போட்டேன். "மூஞ்சி மேல ஏறி வர மாதிரி இருக்கு. நிறுத்துடா" என்றார். நிறுத்தினேன். பிறகு அவர் அதைப் போடச் சொல்லவே இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். டிவியும் ஒருநாள் கோடு கோடாக வந்து நின்றுபோனது. பழைய சாமான்காரர் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வருடம் முன்பு பெரம்பலூரில் என் சொந்தக் கடைக்கு ஒரு கார் வந்தது. சீட் கவர் மாற்ற வேண்டும் என்று இறங்கியவர் அந்தச் சின்னாண்டை. சென்னையில் இருக்கிறாராம். தலையெல்லாம் நரைத்திருந்தது. நல்ல மரியாதையாகத்தான் பேசினார். டீ சொன்னேன், குடித்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். குடித்துக்கொண்டே ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்ன நாளுங்க அதெல்லாம்! ஊரே ஒண்ணா உக்காந்து ஒரே டிவியப் பாத்தோம். இப்பப் பாருங்க, வூட்ல நாலு பேரு, நாலு போனு. அந்த ஒத்துமையே போயிட்டுது."

நான் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பாகூட இருப்பாரே, நல்ல மனுசன். ஆன்டெனாவத் தொட்டாலே படம் வந்துரும். ஞாபகம் இருக்கா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கு அப்படித்தான் ஞாபகம். அந்த ஞாபகத்தில் ஜன்னல் இல்லை, கம்பி இல்லை, மாட்டுக்கொட்டகை இல்லை. எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நான் அவர் பக்கத்திலேயே இருக்கிறேன் போல. நூல் ஊசிக் காதில் நுழையவே இல்லை. கடைசியில் சீட் கவரை நன்றாகவே தைத்துக் கொடுத்தேன். கோபத்தில் தையல் கோணிப்போனால் என் கடைப் பெயர்தானே கெடும்.

டிவி விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து பிசிறில்லாமல், தட்டினால் உடனே அசைகிற ஒன்றை யாழினி கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் அவள் கல்லூரியில் இருந்தபோது மாட்டிக் கொடுக்கும் ஆள் வந்தார். "எந்தப் பக்கம் வெக்கிறது சார்?" என்றார். காட்டினேன். வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வந்த யாழினி பையைக்கூடக் கழற்றவில்லை. "யாருப்பா இப்பிடி வெச்சது? வாசலப் பாத்து? வெளிச்சம் பூரா திரையில அடிக்குது. நான் வாசலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காரணுமா?"

நான் டிவியைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். பின்சுவரை ஒட்டி, நேராக வாசலைப் பார்த்து, அப்பா வைத்த மாதிரியே வைத்திருந்தேன். எந்த யோசனையும் இல்லாமல் கை அங்கேதான் காட்டியிருக்கிறது.

இருவருமாக மேசையைத் திருப்பினோம். இப்போது வாசலில் நின்றால் டிவியின் கறுப்பு முதுகுதான் தெரியும். அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, எந்த ஊரிலோ இருக்கிற யாரிடமோ, "டேய், இந்தப் பக்கம் திரும்புடா!" என்று கத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அவளைப் பதிலுக்குத் திட்டியிருக்க வேண்டும், விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"அங்க நின்னா என்னப்பா தெரியும்? உள்ள வா."

இங்கேருந்தே நல்லாத் தெரியுது என்று வாய்வரை வந்தது. ஆனால் அங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முழுதையும் கேட்டாள். "அந்த ஜன்னல எனக்குக் காட்டுப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கூட்டிப்போனேன். பெரிய வீட்டை விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், இடித்துவிட்டார்கள் என்று தெரியாது. கூடம் இல்லை, மாடி இல்லை, கொட்டகை இல்லை. தரையைச் சமமாக்கி, மனை பிரித்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருந்தார்கள். எல்லா மனையும் ஒரே மாதிரி இருந்தது. எங்கே உள்ளே, எங்கே வெளியே என்று யாராலும் சொல்ல முடியாது.

யாழினி என் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தாள்.

"டிவி எங்க இருந்துச்சு? தாத்தா எங்க நின்னாரு? சொல்லுப்பா, அளப்போம்."

டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பொட்டலில் இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்குமாக நடந்தேன். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.