அத்தை ஓட்டிய டிராக்டர்

ஏழு வயதில் எனக்கு உண்மை பேசும் வியாதி இருந்தது. வகுப்பில் யார் யாருடைய சிலேட்டுக் குச்சியை எடுத்தார்கள், அம்மா எந்த டப்பாவில் வெல்லத்தை ஒளித்து வைத்திருக்கிறாள், எதுவானாலும் கேட்காமலே சொல்லிவிடுவேன். வீட்டில் எனக்குத் தண்டோரா என்று பெயர். அதை ஏதோ பட்டம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன், போங்கள்.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா டிராக்டர் டிரைவர். அம்மா பழம் பறிப்பாள். டிரைவருக்கென்று விட்ட ஓட்டு வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அப்பாவின் தங்கையான அத்தையும் இருந்தோம். அந்த வீடு எங்களுக்கு வந்த விதம் அப்பாவுக்கு ஒருபோதும் மறந்ததில்லை. முன்னால் இருந்த டிரைவர் கையை உடைத்துக்கொண்டு படுத்தார். பத்தாம் நாள் அவர் வேலை அப்பாவுக்கு வந்தது, மறுநாளே வீடும் வந்தது. அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அத்தைக்குப் பத்தொன்பது வயது இருக்கும். புல் அறுப்பது, சாணி அள்ளுவது, தண்ணீர் சுமப்பது எல்லாம் அவள்தான். ஆனால் டிராக்டரைக் கழுவும்போது மட்டும் அவள் முகமே வேறு. அந்த வண்டிக்கு பேட்டரி செத்துப் பல காலமாயிற்று. அதனால் எப்போதும் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை அண்டக் கொடுத்துவைப்பார் அப்பா. காலையில் கல்லை உருவினால் வண்டி தானாக உருளும். இடது காலால் மிதித்த கிளச்சை மெல்ல விட்டதும் இருமிக்கொண்டே கிளம்பிவிடும். மலையில் டிரைவர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். சமதரையில் நிறுத்திவிட்டால் தீர்ந்தது, பத்துப் பேர் தள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பி காயவைக்கும் சமதரைக் களம் காலியாகக் கிடக்கும்போது, அப்பா அத்தையை ஓட்டவிடுவார். அவள் களத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். அவளுக்கு வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

பழம் பறிக்கும் காலத்தில் ஒரு மத்தியானம், டிரெய்லர் கொக்கியை மாட்டும்போது இரும்பு நழுவி அப்பாவின் வலது பாதத்தில் விழுந்தது. பாதம் பன் மாதிரி வீங்கிவிட்டது. மேல் காட்டில் பறித்த பழ மூட்டைகள் காத்துக் கிடந்தன. அன்றைக்கே தோல் உரிக்கும் கொட்டகைக்குப் போகாவிட்டால் பழம் புளித்துவிடும். பழம் புளித்தால் எஸ்டேட்டில் கணக்கும் ஆள்வேலையும் பார்க்கும் ரைட்டர் வருவார். ரைட்டர் வந்தால் காலைப் பார்ப்பார். அதற்கு மேல் அப்பா யோசிக்கவில்லை, தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“நான் போறனுங்ணா” என்றாள் அத்தை.

“உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?” என்று கத்தினார் அப்பா. பாதத்தை ஊன்றிப் பார்த்தார், முடியவில்லை. பிறகு, “ரெண்டாவது கியருக்கு மேல போடாதே” என்றார்.

அப்பாவின் காக்கிக் கோட்டைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டாள் அத்தை. கல்லை உருவும் உத்தியோகம் எனக்கு. அப்பப்பா, அந்தப் பெருமையை என்னவென்று சொல்ல! நல்ல வேளையாகப் பனி இறங்கிவிட்டது, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. மேல் காட்டில் அம்மா எங்களைப் பார்த்ததும் திக்கென்று நின்றாள். மற்றப் பெண்களிடம், “என்ன வேடிக்கை? மூட்டையத் தூக்குங்க!” என்று மட்டும் அதட்டினாள். அவர்களும் மடமடவென்று ஏற்றினார்கள். இரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். கண்ணைத் திறந்தபோது கொட்டகை வந்திருந்தது.

பழத்தை இறக்கியதும் அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் களத்தில் ஒரு சுற்று ஓட்டினாள். அப்படியே களத்தின் நட்டநடுவில் எஞ்சினை அணைத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். சரிவு, கல் எதுவும் எங்கள் இருவர் நினைவிலும் இல்லை.

விடிந்ததும் ரைட்டர் வாசலில் நின்றார்.

“ஏப்பா, களத்து நடுவுல வண்டிய நிறுத்துவானா ஒரு டிரைவர்? நேத்து நீதான் ஓட்டுனியா, வேற ஆரையாச்சும் உட்டியா?”

அப்பா காலைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். “நானேதானுங்க. அவசரத்துல மறந்துட்டனுங்க. தப்புத்தானுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய காரியம் செய்தது அத்தை, பெயரை அப்பா எடுத்துக்கொள்வதா? “பொய்! அத்தைதான் ஓட்டுச்சு! நான்தான் கல்லை எடுத்தேன்!” என்றேன்.

அம்மாவுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. ரைட்டர் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். “நானுங்களா? சைக்கிள்ல பின்னால உக்காரவே கைகாலு நொம்ப நடுங்குமுங்க. ராத்திரி கனாக் கண்டிருக்குது புள்ள.”

ரைட்டரும் சிரித்துவிட்டார். “பொம்பளப் புள்ள டிராக்டர் ஓட்டுதாம்!” என்று தலையில் அடித்துக்கொண்டு, வண்டியைத் தள்ள ஆட்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்பா எழுந்து பின்னாலேயே போனார். ரைட்டர் கண்ணுக்கு மறையும்வரை நொண்டாமல் நடந்தார். போகும் முன் அத்தையிடம், “ஞாயித்துக்கிழமை ஓட்டறதும் இனி வேண்டாம் சாமி” என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. உண்மை சொன்ன என்னையா கனவு கண்டவள் என்பது? சாயங்காலம் அத்தை இழுத்து உட்காரவைத்துத் தலை வாரினாள்.

“பொய்க்காரி” என்றேன்.

“ஆமாங் கண்ணு, அத்தை பொய்க்காரிதான்.”

ஜெயித்துவிட்ட திருப்தி எனக்கு. அப்போது மேலே வளைவில் அப்பா டிராக்டரைத் திருப்பும் சத்தம் கேட்டது. என் தலையில் சீப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தை சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கால் தரையை அழுத்திப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல மேலே வந்தது. கண் கலங்கியிருந்தது.

“என்னத்தே, எறும்பு கடிச்சிருச்சா?”

“ஆமா சாமி.”

நான் குனிந்து அவள் காலடியில் அந்த எறும்பைத் தேட ஆரம்பித்தேன்.