தூக்குக் கைதிக்குப் பத்தியம்

அந்த அரசு மருத்துவமனையின் சமையற்கட்டில் உப்புக்கு ஜென்ம விரோதியாக ஒருத்தி வாழ்ந்துவந்தாள். சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு பானை, ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு ஒரு பானை, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஒரு பானை என்று மூன்று அடுப்பை ஒற்றை ஆளாக ஆண்டாள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரை எல்லோரும் மறந்துபோய்ப் பத்தியக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் கையால் சாப்பிட்டவர்கள் சீக்கிரம் குணமாகி வீட்டுக்கு ஓடினார்கள். மருந்தின் மகிமை என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டார்கள். அந்தக் கஞ்சியை இன்னொரு வேளை குடிக்க முடியாமல்தான் ஓடினார்கள் என்பது லிஃப்ட்காரரின் கட்சி.

பத்தியக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். ஒரு மனிதனைத் தூக்கில் போட வேண்டும்.

அவளுடைய தம்பி தெருமுனையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அந்த இடத்தில் ஆறு மாடி எழுப்ப வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டருக்குத் தோன்றியது. தம்பிக்குத் தோன்றவில்லை. ஒருநாள் பட்டப்பகலில் கடையின் ஷட்டரை வெளியே இருந்து இழுத்துப் பூட்டி, பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். உள்ளே தம்பியும் வேலையாட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். காண்ட்ராக்டர் எதிர்ச்சாரியில் காரில் உட்கார்ந்தபடி, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்த்தான். தொழில் புத்தி எங்கே போகும்!

ஊர் கொதித்தது. மெழுகுவத்தி ஏந்தி நடந்தார்கள். 'தூக்கில் போடு' என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். அந்த வாரமே தூக்கில் போட்டிருந்தால், கயிறு பிடிக்க நான் நீ என்று முந்திக்கொண்டிருப்பார்கள். சட்டம் அப்படியெல்லாம் அவசரப்படுகிற ரகம் அல்ல. சாட்சிக்குக் காய்ச்சல் என்று ஒரு வாய்தா, வக்கீல் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு வாய்தா, நீதிபதி மாற்றலாகிப் போனார் என்று ஒரு வாய்தா. சுவரொட்டிகளின்மேல் ஜட்டி விளம்பரம் ஏறியது. மெழுகுவத்திகள் வேறு சாவுகளைத் தேடிப் போய்விட்டன. பத்தியக்கா மட்டும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டு, தம்பி பெண்டாட்டியோடு கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கூண்டில் நின்றவன் ஒருதரம்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. தலைமுடியைக் கோதிக்கொள்வதும் நகத்தைப் பார்ப்பதுமாக நின்றான்.

“நீதிதேவதைக்குக் கண்ணக் கட்டியிருக்காங்கன்னு சொல்றாங்களேக்கா, காலையும் சேத்துக் கட்டிட்டாங்களா?” என்று லிஃப்ட்காரர் கேட்பார்.

“கால் நல்லாத்தான் இருக்கு. நடக்க மனசில்லை” என்பாள் பத்தியக்கா.

ஒருவழியாகத் தூக்கு என்று தீர்ப்பானது. மேல்கோர்ட்டும் சரி என்றது. அதற்கும் மேல்கோர்ட்டு, நன்றாக யோசித்து, அதுவும் சரி என்றது. அதற்குள் தம்பி பெண்டாட்டிக்குத் தலை நரைத்துவிட்டது. கடைசியில் தேதி குறித்தார்கள். தேதிக்கு முந்தின வாரம் காண்ட்ராக்டருக்கு ரத்தக் கொதிப்பு எகிறி, சர்க்கரையும் கூடிப்போய், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சிறைச்சாலை அடுத்த தெருவில்தான் இருந்தது. ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டுவந்து பத்தியக்காவின் மருத்துவமனையிலேயே, கம்பிக் கதவு போட்ட கைதிகள் வார்டில் படுக்க வைத்தார்கள். சமையல்காரிக்கும் நோயாளிக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

காவலுக்கு வந்த ஏட்டு வெந்நீர் கேட்டுச் சமையற்கட்டுக்கு வந்தார்.

“தூக்குல போடப்போற ஆளுக்கு எதுக்கு ஏட்டய்யா ஆஸ்பத்திரி?”

“சட்டம்க்கா. நோயாளியத் தூக்குல போடக் கூடாது. டாக்டர் பாத்து, ஆள் நல்லாருக்கான்னு கையெழுத்துப் போட்டாத்தான் கயிறு.”

“நல்லாருந்தாத்தான் கொல்லுவீங்களா?”

“நான் எங்கக்கா கொல்றேன்? எனக்கு வெந்நீர் குடுங்க.”

அன்று வீட்டில் தம்பி பெண்டாட்டி கண்கள் பளபளக்க எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, கடவுளாப் பாத்து உங்க கைல குடுத்திருக்காரு. கஞ்சியில ஒரு பிடி எலிமருந்து. நான் வாங்கிட்டு வரட்டா?”

“போடி பைத்தியக்காரி! மெத்தையில படுத்து, மேல ஃபேன் சுத்த, கைல குளுக்கோஸ் ஏற ஏற அவன் சாகணுமா? அது பேரு சாவா? என் தம்பிக்குக் கெடச்சுதா அந்தச் சொகம்? அவன் எந்திரிச்சு நடக்கணும். கண்ணு நல்லாத் தெரியணும். தூரத்துலயே கயிறு தெரியணும். தன் காலால போய் ஏறணும்.”

“அதுக்கு?”

“அதுக்கு அவனைக் குணப்படுத்தப் போறேன்.”

தம்பி பெண்டாட்டி அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

மறுநாள் முதல் காண்ட்ராக்டருக்கு நடந்த கவனிப்பு, அந்த மருத்துவமனையில் எந்த மந்திரிக்கும் நடந்ததில்லை. உப்பில்லாத கஞ்சியை ஆற்றி, வேகவைத்த காயை மசித்து, பத்தியக்காவே கொண்டுபோனாள். அவன் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள முதலில் பார்த்திருக்க வேண்டுமே. வாயை இறுக மூடிக்கொண்டால், “மூக்குல குழாய விட்டு ஊத்துவாங்கப்பா, அதுக்கு இது தேவலை” என்று கரண்டியை நீட்டுவாள். மாத்திரையை விழுங்கினானா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். பெற்ற தாய்கூட அப்படிப் பார்க்க மாட்டாள்.

ஆனாலும் ரத்தக் கொதிப்பு இறங்கவில்லை. டாக்டரம்மா சின்னப் பெண். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக் குழம்பினாள். பத்தியக்கா விரிப்பு மாற்றுகிற சாக்கில் மெத்தையைப் புரட்டினாள். அடியில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உப்பு.

“இது எதுக்கு?”

“பல்லு தேய்க்கம்மா.”

“இவ்வளவு உப்பா? உன் வாயில எத்தனை பல்லு இருக்கு?”

ஏட்டு ஜன்னலுக்கு வெளியே ஏதோ பறவையை உற்றுப் பார்த்தார். அவர் சட்டைப்பையிலும் ஒரு பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. உப்பைத் தின்று உயிர் பிழைக்கிற மனிதனைப் பத்தியக்கா தன் உத்தியோகத்தில் அன்றுதான் பார்த்தாள். உப்பை அள்ளிக் கழிவறையில் கொட்டிவிட்டு, அன்றிலிருந்து ஏட்டுக்கும் அதே உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்தாள். ஏட்டு இரண்டே நாளில் நேர்மையாகிவிட்டார்.

அதன் பிறகு காண்ட்ராக்டர் தேறினான். கன்னத்தில் சதை பிடித்தது. வராந்தாவில் நடந்தான். ஒவ்வொரு அடியையும் பத்தியக்கா வாசலில் நின்று ரசித்தாள். இன்னும் கொஞ்சம்தான், ராசா, இன்னும் கொஞ்சம்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே அவள் முகத்தில் அப்படி ஒரு கனிவு.

வினை அந்தக் கனிவால் வந்தது. உப்பு கடத்திச் சம்பாதித்த காசு போன வருத்தத்தில் ஏட்டு, அவள் யாருடைய அக்கா என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு டாக்டரம்மாவிடம் போட்டுக்கொடுத்தார். வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். டாக்டரம்மாவோ சமையற்கட்டுக்கு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“எப்படிக்கா உங்களால முடியுது?”

பத்தியக்கா வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வார்டுப் பக்கமே விட மாட்டார்கள். அவனுக்கு மறுபடி உப்பு கிடைத்துவிடும். அதனால் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலை இன்னும் புனிதமாகத் தெரிந்தது. டாக்டரம்மாவின் தோழி ஒருத்தி பத்திரிகையில் இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் பக்கத்தில் படம் வந்துவிட்டது: கொன்றவனுக்குக் கரண்டியால் ஊட்டுகிற அக்கா. தலைப்பு, 'மன்னித்த கைகள்'.

தம்பி பெண்டாட்டி பத்திரிகையை நாலாக மடித்து அண்ணியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“உங்க திட்டம் ரொம்ப நல்லாப் போகுது அண்ணி. அடுத்து அவனுக்குச் சிலை வைக்கப் போறீங்களா, உங்களுக்கா?”

படத்தைப் பார்த்துத்தான் காண்ட்ராக்டருக்கும் விஷயம் தெரிந்தது. அவனுடைய வக்கீலுக்கும் தெரிந்தது. 'பாதிக்கப்பட்ட குடும்பமே மன்னித்து, தன் கையால் ஊட்டுகிறது. அரசு மன்னிக்கக் கூடாதா?' என்று கருணை மனு பறந்தது. ஷட்டரைப் பூட்டவைத்தவனைத் தண்டிக்கத் தவழ்ந்து தவழ்ந்து போன அதே கோப்பு, அவனைக் காப்பாற்றக் குதிரைபோல ஓடியது. தூக்கு ரத்து. ஆயுள் முழுக்கச் சிறை.

பத்தியக்கா சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய் அதிகாரியின் மேசைமுன் நின்றாள்.

“நான் மன்னிக்கலைங்க.”

“அடக்கமாப் பேசுறீங்கம்மா. ஊரே உங்களைக் கொண்டாடுது.”

“அவனைத் தூக்குல போடத்தாங்க நான் சோறு போட்டேன்!”

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அறைக் கதவைச் சாத்தினார். “இதை வெளிய சொல்லிடாதீங்கம்மா. மனசு சரியில்லைன்னு உங்க ஆஸ்பத்திரியிலயே உங்களச் சேத்துருவாங்க. அப்புறம் உங்க கஞ்சியை நீங்களே குடிக்கணும்.”

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். தம்பி பெண்டாட்டி குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவளைத் தேற்றியவர்கள் அதிகாரிகளே. நெகிழ்ந்துபோய் ஓர் ஆணை போட்டார்கள்: அந்தக் கைதியின் உடல்நலத்தை உத்தேசித்து, அவன் உணவு இனி அந்தத் தாயுள்ளம் படைத்தவர் கையாலேயே தினமும் சிறைக்குப் போகும். ஆணையைப் படித்துக்காட்டிய டாக்டரம்மாவிடம் பத்தியக்கா ஒரு கேள்வி கேட்டாள்.

“இப்படியே பத்தியம் பாத்தா, எத்தனை வருஷம் இருப்பாம்மா?”

“அவருக்கு அம்பதுதானேக்கா. வாயைக் கட்டினா இன்னும் முப்பது, முப்பத்தஞ்சு வருஷம் தாராளமா இருப்பாரு.”

பத்தியக்கா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். நேராக அடுப்படிக்குப் போனாள்.

சிறைக்குக் கஞ்சி கொண்டுபோன முதல் நாள், காண்ட்ராக்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அக்கா, நீங்க குடுத்த உயிர்க்கா இது. இனிமே தூக்குதான் இல்லையே, எதுக்குப் பத்தியம்? ஒரு வாய், ஒரே ஒரு வாய், உப்பு ஒறைப்பா எதையாச்சும் கண்ணுல காட்டுங்க.”

“குடுத்த உயிர வீணாக்கலாமா? நீ தொண்ணூறு வயசு வரைக்கும் இருக்கணும். இந்தச் சுவரையே பாத்துக்கிட்டு, இதையே குடிச்சுக்கிட்டு. வெளியிலேந்து பூட்டின கதவுக்கு உள்ள இருக்கறது எப்படி இருக்கும்னு மெல்ல மெல்லத் தெரிஞ்சுக்கணும். சாகுறேன்னு மட்டும் சொல்லிடாதே, நான் விட மாட்டேன். வாயைத் தெற.”

அவன் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

சில மாதங்களில் அவன் பக்கத்திலிருந்து ஒரு மனு போயிற்று: அந்த அக்காவின் சமையலிலிருந்து தன்னை விடுவிக்க வேண்டும், மற்ற கைதிகள் சாப்பிடுவதையே தனக்கும் போட வேண்டும், அதனால் உயிர் போனாலும் ஆட்சேபம் இல்லை. விசாரணை நாளன்று பத்தியக்காவும் தம்பி பெண்டாட்டியும் கோர்ட்டுக்குப் போய் அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூண்டில் நின்றவன், இறங்கும் வரைக்கும், தலையைத் திருப்பி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வக்கீல் வீட்டில் கல்யாணம் என்று வழக்கைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த தடவை சாட்சி சொல்ல வேண்டிய டாக்டரம்மாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த தடவை நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார்.

“இழுத்துக்கிட்டே போகுதேக்கா” என்றார் லிஃப்ட்காரர்.

“போகட்டுமே” என்றாள் பத்தியக்கா, சிறைக்குப் போகிற தூக்குப்பாத்திரத்தை இறுக மூடியபடி. “சட்டம்னா நாலையும் யோசிச்சு நிதானமாத்தானே செய்யணும். இப்ப என்ன அவசரம்?”